மெல்லத் தெரியவேண்டிய முகங்கள்

பெற்றோர் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மட்டும்தான் இருந்தது. மற்றபடி உறவுக்கும் தெருவுக்கும் அவன் படார். எந்தச் சேதியையும் போட்டு உடைக்காமல் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பெரியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு, தண்ணீர் குடித்து, வெயிலைப் பற்றிப் பேசி, கடைசியில் வந்து சேருகிற இடத்தில் அவன் முதல் வார்த்தையிலேயே நிற்பான்.

பெயர் வந்த கதையைக் குடும்பத்தில் இன்னமும் சொல்லிச் சிரிப்பார்கள். அவனுடைய சித்தப்பா ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்துபோனது. சித்தியைக் கூட்டிவர அவனை அனுப்பினார்கள். "பக்குவமா சொல்லி அழைச்சுட்டு வா" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். சித்தி கதவைத் திறந்ததும், "சித்தப்பா மேல இருந்து விழுந்துட்டார், கெளம்புங்க" என்றான். எவ்வளவு மேலே, விழுந்து என்ன ஆனது என்பதெல்லாம் அவன் வாயில் இருந்தது. ஆனால் அதைக் கேட்கச் சித்தி நிற்கவில்லை. வாசற்படியிலேயே மயங்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். சித்தப்பா கால் கட்டோடு வீடு திரும்பி, சித்தி எப்போது வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கல்யாணமும் அப்படித்தான் நடந்தது. பெண்ணும் பிள்ளையும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று ஒரு ஓட்டலில் இரண்டு பேரையும் உட்காரவைத்துவிட்டுப் பெரியவர்கள் பக்கத்து மேசைக்குப் போனார்கள். இவன் உட்கார்ந்த கையோடு, "முன்னாடி இருக்கற முடி பின்னாடியிலேர்ந்து கொண்டுவந்து சீவினது. உள்ள வழுக்கை ஆரம்பிச்சிருச்சு" என்றான். அவள் காப்பியை மூக்கில் ஏற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவிடம், "இவருக்கு மறைக்கத் தெரியாதுப்பா. மறைச்சாலும் மறைச்சதைச் சொல்லிடுவார்" என்றாள். அப்பாவுக்கு அது குறையாகத்தான் பட்டது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

இப்படிப்பட்ட ஆள் வேலை பார்த்தது ஒரு பழைய செய்தித்தாளின் இணையப் பிரிவில். அச்சு இயந்திரங்கள் ஓடிய கீழ்த்தளத்தில் இப்போது கார்கள் நின்றன. மூன்றாவது மாடியில், ஏசியின் வெளிப்பெட்டிகள் ஜன்னலை அடைத்துக்கொண்டிருந்த ஒரு நீள அறையில், பத்திரிகையின் இணையதளத்தைக் கட்டிக்காப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தளத்தில் அரசியலைவிட, விளையாட்டைவிட, அதிகம் பேர் திரும்பத் திரும்ப வந்து பார்த்த பக்கம் மரண அறிவிப்புகள். ஆசிரியர் குழு இதை வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தப் பகுதியை நடத்தியவரை அலுவலகம் முழுக்க 'அக்கா' என்றுதான் கூப்பிட்டது. முதல் மாடி நடைபாதையின் கோடியில் அவருடைய மேசை. எதிரே, தேடி வருகிறவர்கள் உட்கார இரண்டு நாற்காலி, கைக்கெட்டும் தூரத்தில் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. தொலைபேசியை எடுத்ததும் மறுமுனையில் இருப்பது யாரென்று அவருக்குத் தெரிந்துவிடும். மகன் என்றால் முதலில் தொண்டையைச் செருமுவான், மருமகன் என்றால் முதலில் விளம்பரத்தின் அளவைக் கேட்பான் என்பார்.

ஆரம்பத்தில் எல்லா அறிவிப்புகளும் மொத்தமாக ஒரே பக்கத்தில் வந்தன. பக்கம் திறக்கவே யுகம் ஆனது. அதனால் முதலில் சிலவற்றை மட்டும் காட்டுவது, வாசகர் கீழே தள்ளத் தள்ள மீதியைச் சர்வரிலிருந்து கொண்டுவந்து சேர்ப்பது என்று மாற்றினார்கள். வேகம் வந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது. கீழே வெள்ளையாக இருக்கும் இடத்தில் திடீரென்று ஒரு முகம் வந்து குதித்தது. அதற்கு இடம்விட்டு மற்ற முகங்கள் கீழே சரிந்தன. ஒருவர் பெயரைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அது நழுவிப்போய் இன்னொருவர் பெயர் அங்கே நின்றது.

அக்கா நேராக மூன்றாவது மாடிக்கே ஏறி வந்துவிட்டார்.

"ஒரு அம்மா போன் பண்ணாங்க. புருஷன் போட்டோவைத் தேடிக்கிட்டு இருந்திருக்காங்க. யார் முகமோ பொத்துனு வந்து விழுந்ததாம், போனைக் கீழ போட்டுட்டாங்களாம். துக்கத்துல இருக்கறவங்களை இப்படியா பயமுறுத்தறது?"

இணையப் பிரிவின் பொறுப்பாளர் நல்ல மனிதர். எதையும் உவமை இல்லாமல் கேட்கமாட்டார். "பனி விலகற மாதிரி வரணும். ஒவ்வொரு முகமும் மெல்லத் தெரியணும். யார் எடுத்துக்கறீங்க?" என்று அறையைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் அவரவர் திரையில் அவசரமாக எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே அப்போதுதான் உள்ளே நுழைந்தான் படார்.

"நான் பண்றேன். ஆனா அந்தப் பக்கம் மொத்தமே குப்பை சார். போன வருஷம் நீங்கதான் எழுதினீங்க" என்றான்.

இப்படியாக, இறந்தவர்களை உயிரோடு இருப்பவர்களுக்கு மெல்லக் காட்டுகிற வேலை படாருக்குப் போனது. அறை அன்று சாயங்காலம் வரை சிரித்தது.

வேலை கேட்பதற்குச் சுலபம்தான். ஒரு அறிவிப்பை முதலில் கண்ணுக்குத் தெரியாதபடி முழுக்க மங்கலாக வைக்கவேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியவிட வேண்டும். அதற்கான நாலு வரியை அன்றைக்கே எழுதிப் போட்டான். மேலே இருந்த முகங்கள் அழகாகத் தெளிந்தன. கீழே போனால், புதிதாக வந்தவர்கள் பழையபடி குதித்தார்கள்.

"படம் ஆரம்பிச்சப்ப உள்ள இருந்தவங்களுக்கு மட்டும் டார்ச் அடிச்சு சீட் காட்டியிருக்கேன் சார். லேட்டா வந்தவங்க இருட்டுல எல்லார் காலையும் மிதிச்சுக்கிட்டு வர்றாங்க" என்று பொறுப்பாளரிடம் அவருடைய மொழியிலேயே சொன்னான். பக்கம் திறந்த நேரத்தில் இருந்ததை மட்டுமே அவனுடைய வரிகள் அறிந்திருந்தன. பின்னால் சர்வரிலிருந்து வருகிற ஒவ்வொரு அறிவிப்புக் கட்டையும் வாசலிலேயே நிறுத்தி, மங்கலாக்கி, பிறகு உள்ளே விடவேண்டும். அதையும் எழுதினான்.

அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பித்தது. சோதித்துப் பார்க்க வேறு ஆள் தேவைப்படவில்லை, அக்கா போதும். போனைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியில் படார் உட்கார்ந்திருக்க, கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளிப் பார்ப்பார்.

கொஞ்சம் அழகாக இருக்கட்டும் என்று, தெளிகிறபோதே ஒவ்வொரு அறிவிப்பும் கீழேயிருந்து சற்று மேலெழும்பி வருகிற மாதிரி செய்திருந்தான். அக்கா பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, போனவங்க எழுந்து வர்ற மாதிரி இருக்கு. படுக்க வை."

படுக்கவைத்தான். ஒருவர் பின் ஒருவராகத் தெளிகிற மாதிரி மாற்றினான். "வேண்டாம். யார் முன்னாடி, யார் பின்னாடின்னு இங்கயும் சண்டைக்கு வருவாங்க" என்றார் அக்கா. ஒரு வரிசை மொத்தமாகத் தெளியவிட்டான். இன்னும் நிதானமாக இருக்கட்டும் என்று நேரத்தைக் கூட்டினான். மறுநாள் அக்கா, "ரெண்டு தடவை கண்ணாடியைத் துடைச்சுட்டேன். அப்புறம்தான் உன் வேலைன்னு புரிஞ்சுது" என்றார். குறைத்தான்.

பிறகு புகைப்படம் தகராறு செய்தது. எழுத்து சீக்கிரம் வந்துவிடும். படம் கனமானது, பின்தங்கி வரும். பெயர் பூப்போல மலர்ந்து முடித்த பிறகு, தூங்கி எழுந்தவன் மாதிரி முகம் வந்து விழுந்தது.

"பேரெல்லாம் நல்லா வருது. மூஞ்சி மட்டும்..." என்று ஆரம்பித்த அக்கா, சொல்லவந்த வார்த்தை அவனுடைய பட்டப்பெயர் என்பது உறைத்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதற்கும் வழி கண்டான். அறிவிப்பு வந்ததும் அதற்கான இடத்தை முதலிலேயே பிடித்துவைப்பது, அப்போது யாரும் சரியமாட்டார்கள். படம் முழுசாக வந்து சேரும்வரை மொத்தத்தையும் மறைத்து வைப்பது. வந்த பிறகு, ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரத்தில், பெயரும் முகமும் ஒன்றாகத் தெளிவது. அக்கா நெடுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசியில், "இவர் எனக்குத் தெரிஞ்சவர். போனதே தெரியாது" என்று ஒரு முகத்தைக் காட்டினார். அதைத்தான் அவன் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

நிர்வாகத்துக்கும் பிடித்துப்போனது. வாசகர்கள் அந்தப் பக்கத்தில் முன்பைவிட அதிக நேரம் இருக்கிறார்கள் என்று கணக்கு காட்டியது. முகம் தெரியக் காத்திருக்கிற நேரமும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்பதைப் படார் கூட்டத்திலேயே சொன்னான்; அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ஆண்டுக் கூட்டத்தில் 'வாசகரின் உணர்வுக்கு மரியாதை' என்று ஒரு கேடயம் அறிவித்தார்கள். மேடையில் அவனுடைய நிஜப் பெயரை வாசித்தபோது அரங்கமே யார் அந்த ஆள் என்று திரும்பிப் பார்த்தது. அவனும் பார்த்தான்.

கேடயத்தின் பளபளப்பு அடங்குவதற்குள் ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, வேலைக்குப் போகிறவர்கள் எடுத்துச்செல்கிற மாதிரி தோளில் பை. அக்காவின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து போனை நீட்டினார்.

"எங்க வீட்டுக்காரரோட அறிவிப்பு. பேப்பர்ல வந்திருக்கு. இதுல இல்ல."

அக்கா தன் கணினியில் தேடினார். சேர்த்தது சேர்த்தபடி இருந்தது. ஆனால் அந்தப் பெண்மணியின் போனில், இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சதுரம். அக்கா மாடிக்குப் போன் போட்டுப் படாரைக் கீழே வரச்சொன்னார்.

அவன் நின்றபடியே போனை வாங்கிப் பார்த்தான். மேலே தள்ளினான், கீழே தள்ளினான். வெள்ளைச் சதுரம் அங்கேயே இருந்தது.

"இடம் இருக்கு தம்பி. ஆள்தான் இல்ல" என்றார் அந்தப் பெண்மணி. "வீட்லயும் அப்படித்தான் இருக்கு. சரி, இங்கயாவது இருப்பார்னு பார்த்தேன்."

"போட்டோ கொடுத்தீங்களா?"

"இல்ல. அவருக்குப் போட்டோ எடுத்துக்கறதே பிடிக்காது. கூட்டத்துல நின்னாலும் யார் முதுகுக்குப் பின்னாடியாவது போயிடுவார். அதனால பேர் மட்டும் போதும்னு சொன்னேன்."

படாருக்கு நொடியில் விளங்கிவிட்டது. படம் வந்து சேரும்வரை மறைத்துவை என்று அவன் எழுதியிருந்தான். படமே இல்லாதவர் வந்தால் என்ன செய்வது என்று எழுதவில்லை. பக்கம் இன்னமும் வராத படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. உலகம் உள்ளளவும் காத்திருக்கும். அவன் சோதித்தபோது எல்லோருக்கும் முகம் இருந்தது.

அக்கா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினார். பக்குவமாகப் பேசு என்பது அதன் பொருள். தொழில்நுட்பக் கோளாறு, உடனே கவனிக்கிறோம், மன்னிக்கவும் என்று சொல்ல அச்சடித்த வாசகமே அலுவலகத்தில் உண்டு.

"தப்பு என்னோடதுங்க" என்றான் படார். "அவர் இங்கதான் இருக்கார். நான்தான் மறைச்சு வச்சுட்டு, திரும்பக் காட்டாம விட்டுட்டேன். உங்களுக்கு மட்டுமில்ல, எங்கயுமே யாருக்குமே தெரிஞ்சிருக்காது."

அக்கா காகிதக் கைக்குட்டைப் பெட்டியை மெல்ல முன்னால் நகர்த்தினார். அது தேவைப்படவில்லை. அந்தப் பெண்மணி அவனை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஏதோ இறுக்கம் விட்டது.

"இந்த மாதிரி யாராவது பேசிக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. ஆஸ்பத்திரியில டாக்டர் 'எங்களால முடிஞ்சதைப் பண்ணிட்டோம்'னார். என் தம்பி 'மாமா நம்மளை விட்டுட்டார்'னான். பக்கத்து வீட்ல 'போய்ச் சேர்ந்துட்டார்'ங்கறாங்க. ஒருத்தராவது செத்துட்டார்னு சொல்லலை. எல்லாரும் என்கிட்ட ரகசியம் பேசற மாதிரி பேசறாங்க. எனக்குக் காதே கேட்காமப் போயிடுச்சோன்னு ஆயிடுச்சு."

படார் "செத்துட்டார்ங்க" என்றான்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பெண்மணி சிரித்தார். சிரிப்பின் பாதியில் அழுதார். அழுது முடித்து, பெட்டியிலிருந்து ஒரு கைக்குட்டையை உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி பண்ணிட்டு எப்படி வரும்? இவங்க எல்லாம் வர்ற மாதிரி மங்கலா வந்து தெளியுமா?"

"ஆமாங்க."

"அவருக்கு அது வேணாம். அவர் வீட்டுக்கு வந்தா கதவைத் தட்டமாட்டார். தள்ளிக்கிட்டு வந்து நடுக்கூடத்துல நிப்பார். தூக்கிவாரிப்போடும். முப்பது வருஷமும் திட்டினேன். அப்படியே வரட்டும், பேர் மட்டும்தானே."

அன்று மாலைக்குள் படார் அதைச் சரி செய்தான். படம் இருந்தால் காத்திரு, இல்லாவிட்டால் காத்திராதே. எது எப்படிப் போனாலும் கடைசியில் காட்டிவிடு. கூடவே ஒரேயொரு அறிவிப்புக்கு மட்டும் மெல்லத் தெளிகிற விதி செல்லாது என்று ஒரு வரியும் சேர்த்தான். அதைப் பார்த்த பொறுப்பாளர், இது என்ன விதிவிலக்கு என்று கேட்டார். "வீட்டுக்காரம்மா சொன்னாங்க" என்றான். அதற்குமேல் கேட்க அவருக்குத் தைரியமில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண்மணி அக்காவுக்குப் போன் செய்து நன்றி சொன்னார். என்ன நடந்தது என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் அக்கா வாயிலிருந்து சேதி மாடி ஏறுவதற்குள், அழுதுகொண்டு வந்த ஒரு அம்மாவைப் படார் ஆறுதல் சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பினான் என்று ஆகிவிட்டது. கேடயமும் இதுவும் சேர்ந்துகொண்டன. "ஆளே மாறிட்டார்பா, என்ன ஒரு நிதானம்" என்றார் பொறுப்பாளர். நாலு பேர் சொன்னால் எவனுக்குத்தான் நம்பிக்கை வராது? படாருக்கும் வந்தது. மென்மை என்பது தனக்குள்ளேயே எங்கோ மங்கலாக இருந்து இப்போதுதான் தெளிந்திருக்கிறது என்று அவன் உண்மையிலேயே நினைத்தான்.

அந்த நினைப்போடுதான் மாமனாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

மாமனார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தினார். இரண்டு காரும் ஒரு சின்ன அறையும்தான் பள்ளி. அறையில் உட்கார்ந்து யாருக்கு எந்த நேரம் என்று பிரித்துக் கொடுப்பதும், தேர்வு நாளில் மாணவர்களை அழைத்துப்போவதும் படாருடைய மனைவி. சொல்லிக்கொடுப்பது முழுக்க மாமனார். பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு, "கிளட்ச்சை மெதுவா விடு, வண்டி குதிக்குது பாரு" என்று அவர் சொல்லாத நாள் கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு அவர் கிளட்ச் வாத்தியார். கொஞ்ச நாளாக அவர் வண்டியை எடுக்கும்போதெல்லாம் இடதுபக்கக் கண்ணாடி எதிலாவது உரசியது. தெருவில் தூண்களை நெருக்கி நட்டுவிட்டார்கள் என்று அவர் நகராட்சியைத் திட்டினார். மகள் பிடிவாதம் பிடித்து டாக்டரிடம் அனுப்பினாள்.

சோதனைகளை முடித்த டாக்டர், மாமனாருக்குச் சொட்டு மருந்து விட்டு வெளியே உட்காரவைத்துவிட்டு, படாரை உள்ளே கூப்பிட்டார். கண்ணுக்குள் அழுத்தம். பக்கப் பார்வை நிறையப் போய்விட்டது, போனது போனதுதான். நேர்ப் பார்வை நன்றாக இருக்கிறது. மருந்து விட்டுக்கொண்டே இருந்தால் காப்பாற்றலாம். வண்டி மட்டும் இனிமேல் ஓட்டவே கூடாது. "நீங்களே அவருக்குப் புரியும்படி சொல்லிடுங்க" என்றார்.

பழைய படார் என்றால் வெளியே வந்த மூன்றாவது அடியில் சேதி முடிந்திருக்கும். புதிய படார் மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்தது அதுவே முதல் தடவை. மாமனார் கையைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார்.

"என்ன சொன்னார்?"

"போகும்போது பேசலாம் மாமா."

வண்டியைப் படார்தான் ஓட்டினான். முதலில் இடத்தைத் தயார் செய்யவேண்டும் என்று அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்திருந்தது.

"மாமா, நீங்க நிறைய உழைச்சிருக்கீங்க."

"ஆமா."

"எத்தனை பேரைக் கரையேத்தியிருக்கீங்க. அவங்க எல்லாரும் உங்களை நெனைச்சுக்கிட்டே இருப்பாங்க."

சிக்னலில் வண்டி நின்றது.

"எதுக்குமே ஒரு காலம் இருக்கு இல்லையா மாமா? நாம மனசளவுல தயாரா இருந்தா எதுவும் கஷ்டமில்ல. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துக்கலாம்."

"மாப்பிள்ளை" என்றார் மாமனார். குரல் தணிந்திருந்தது. "உங்களுக்கு எதையும் நேராச் சொல்லித்தான் பழக்கம். நீங்களே இப்படிச் சுத்தி வளைக்கறீங்கன்னா, விஷயம் பெருசுன்னு தெரியுது. வேண்டாம், சொல்லாதீங்க. எனக்குப் புரிஞ்சிடுச்சு."

மிக நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று படார் எண்ணினான். படம் வந்து சேர்வதற்கு முன்பே மாமா தெளிந்துவிட்டார். வீட்டில் இறக்கிவிட்டபோது மாமனார் அவன் தோளைத் தட்டி, "அவளைப் பார்த்துக்குங்க" என்றார். கண்ணுக்கு மருந்து விடுவதை மகள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும், பாவம் அவளுக்கும் வேலைதான் என்ற பொருளில் எடுத்துக்கொண்டு, "பார்த்துக்கறேன் மாமா" என்றான்.

மறுநாள் காலையில் மாமனார் அக்காவின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு உறை. உள்ளே அவருடைய புகைப்படம். காரின் முன்கதவில் கைவைத்து நிற்கிற, பதினைந்து வருடம் பழைய படம்.

"எங்க மாப்பிள்ளைதான் இந்தப் பக்கத்தைப் பண்ணியிருக்கார். அவர்கிட்ட கொடுத்தா கலங்கிப்போயிடுவார். அதான் உங்ககிட்ட கொடுக்கறேன். நேரம் வரும்போது இதைப் போட்டுடுங்க. கொஞ்சம் வயசு கம்மியாத் தெரியும், பரவாயில்ல."

முப்பது வருஷத்தில் அக்காவுக்கு இப்படி ஒரு ஆள் வந்ததில்லை. இறந்தவரே நேரில் வந்து படம் கொடுத்தால் தொண்டையைச் செருமுவாரா, அளவு கேட்பாரா என்று அவருக்கு ஒரு கணம் ஓடியது. பிறகு மாடிக்குப் போன் போடாமல் நேராகப் படாருடைய வீட்டு எண்ணைக் கூப்பிட்டார்.

படார் மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள். மாமனார் சோபாவில், முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"டாக்டர் என்ன சொன்னார்? நேத்து கேட்டதுக்கு 'மெதுவா பேசிக்கலாம்'னீங்க. நான் சாதாரண விஷயம்னு விட்டுட்டேன்" என்றாள்.

"அதான், எல்லாத்துக்கும் ஒரு பக்குவம் இருக்கு. நீ முதல்ல உட்காரு..."

"உட்காரமாட்டேன். நான் கட்டிக்கிட்ட ஆளாப் பேசுங்க."

படார் ஒரு மூச்சு விட்டான். "கண்ணுல அழுத்தம். பக்கப் பார்வை போயிடுச்சு, திரும்ப வராது. மருந்து விட்டா மீதி நிக்கும். வண்டி மட்டும் இனிமே தொடக் கூடாது. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் மாமனார்.

"அவ்வளவுதான் மாமா."

"அப்ப நான் சாகலையா?"

"இப்போதைக்கு இல்ல."

மாமனார் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து இரண்டு கார்களின் சாவியையும் எடுத்து மகள் கையில் திணித்தார். "இந்தா, நீயே ஓட்டு, நீயே சொல்லிக்கொடு. வண்டி என்ன வண்டி, மனுஷன் இருந்தாப் போதாதா" என்றார். இரவுச் சாப்பாட்டில் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எந்தத் தூண் எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று நகராட்சியைக்கூட மன்னித்தார்.

வண்டியை விடச்சொன்னால் வீடு இரண்டாகும் என்று பயந்துகொண்டிருந்த மனைவிக்குத் தலை சுற்றியது. தனியாக வந்ததும் கணவனைக் கேட்டாள். "வேணும்னுதான் அப்படிப் பண்ணீங்களா? முதல்ல சாவுபயத்தைக் காட்டிட்டு, அப்புறம் இதைச் சொன்னா லேசா எடுத்துப்பார்னு?"

"இல்ல. எனக்கு அவ்வளவு மூளை கிடையாது" என்றான் படார்.

அவள் நம்பவில்லை. உறவுக்காரர்களும் நம்பவில்லை. என்ன சாமர்த்தியம், எப்படிப் பக்குவமாகக் கையாண்டான் பார் என்று சித்தி வரைக்கும் சேதி போயிற்று. கடைசிவரை உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்; அது அவனுடைய அடக்கம் என்று ஆகிவிட்டது.

அடுத்த மாதத்திலிருந்து மனைவி பயிற்சி கொடுக்க ஆரம்பித்தாள். அவளிடம் கற்றுக்கொள்ளவே நிறையப் பெண்கள் வந்தார்கள். பள்ளி முன்பைவிட நன்றாக நடந்தது. அலுவலகத்தில் பொறுப்பாளர் வேறு இடத்துக்குப் போனார். புதிதாக வந்தவர், எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்தில் வரவேண்டும், வாசகரைக் காக்கவைப்பது பாவம் என்றார். தெளிவதையெல்லாம் எடுத்துவிடச் சொன்னார். படார் எழுதியதைப் படாரே ஒரு காலைப்பொழுதில் உருவி எடுத்தான். இடம் பிடித்துவைப்பதை மட்டும் விட்டுவைத்தான். அதனால் முகங்கள் சட்டென்று வந்தாலும் யாரையும் தள்ளிக்கொண்டு வரவில்லை. எந்த வாசகரும் புகார் சொல்லவில்லை. கேடயம் மட்டும் மேசையில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளி அறையைப் பூட்டிவிட்டு வர மனைவி படாரை அனுப்பினாள். வெளியே நின்ற காருக்குள் மாமனார் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இருக்கையில். சாவி இல்லை. கை ஸ்டீயரிங்கின் மேல் இருந்தது. கால் கிளட்ச்சை அழுத்தி, மெதுவாக விட்டு, மறுபடி அழுத்தியது.

படார் பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்தினான். பக்கத்தில் ஆள் வந்தது மாமனாருக்குக் கதவுச் சத்தத்தில்தான் தெரிந்தது.

"அன்னைக்குச் சந்தோஷத்துல சாவியைத் தூக்கிக் கொடுத்துட்டேன் மாப்பிள்ளை" என்றார் எதிரே பார்த்தபடி. "அப்ப ஒண்ணுமே தெரியலை. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா உறைக்குது. நேத்து தெருமுனை வரைக்கும் நடந்தேன். அங்கேர்ந்து எங்க போறதுன்னு தெரியலை."

படாருக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. போட்டு உடைக்கவும் இல்லை, மெல்ல எடுத்துவைக்கவும் இல்லை. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த காய்ந்த இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமனார் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டு, கதவைத் தடவித் திறந்தார்.

"டாக்டர் மறுபடி எப்ப வரச்சொன்னார்?"

"ரெண்டு மாசம் கழிச்சு மாமா."

"அன்னைக்கு நீங்க வரவேண்டாம். அவ வரட்டும்."